மசாய் மாராவில் விலங்கு பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க விலங்குகளுக்கு மனிதரால் நேரும் தீங்கு என்றதும் நம்மில் பலருக்கும் துப்பாக்கி ஏந்திய கள்ள வேட்டைக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தத் தீங்கு பொய்யல்ல: தென்னாப்பிரிக்காவில் 2014ஆம் ஆண்டில் மட்டும் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. ஆயினும் கென்யாவின் மசாய் மாரா விலங்குக் காப்பகத்திலோ, அதையொட்டித் தெற்கே விரியும் தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவிலோ பயணிகள் குவியும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் ஒரு பகற்பொழுதைக் கழிப்பவருக்கு, விலங்கை மிக நெருக்கத்திலிருந்து தொந்தரவு செய்வது தாம் அமர்ந்திருக்கும் வண்டிதான் என்பது விளங்காமல் போகாது. எனவே வேட்டைக்காரரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுத் தம்மை வெறும் பார்வையாளராகக் கருதிக்கொள்வதே பயணிகள் செய்யும் முதல் தவறு.

அந்தத் தொந்தரவின் விளைவைச் சிவிங்கிப்புலி எனப்படும் சீட்டாவிடம் தெளிவாகக் காணலாம். சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாட, அவற்றோடு மோதும் வலுவில்லாத சிவிங்கிப்புலி பகலில்தான் இரை தேடுகிறது. பயணிகளின் வண்டிகள் ஓடுவதும் அதே பகலில்தான். புல்லில் பதுங்கி மானை நெருங்கும் தாயைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றால், எஞ்சின் ஓசையில் மான் விழித்துக்கொள்ளும். ஓடிக் களைத்த தாய்க்கு அடுத்த முயற்சிக்கு முன் நெடுநேரம் ஓய்வு தேவைப்படும். இரை கிடைத்தாலும் வண்டிக் கூட்டத்தின் நடுவே நிம்மதியாக உண்ண இயலாது. மாராவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஒரு தாய் வளர்த்து ஆளாக்கிய குட்டிகள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 என்றும், வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3 என்றும் கண்டது. சிவிங்கிப்புலி வண்டியின் கூரையில் ஏறி நிற்கும் படத்தை நட்பின் அடையாளமாக எடுத்துக்கொள்வோர் இந்த இரு எண்களையும் அதனருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

விலங்கு அசையாமல் இருந்தாலே அமைதியாக இருக்கிறது என்று எண்ணுவதும் தவறுதான். படுத்திருந்த சிவிங்கிப்புலி தலையை உயர்த்தி நம்மையே பார்ப்பதும், குட்டிகளோடு நடக்கும் தாய் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்துத் திசை மாற்றுவதும் தொந்தரவின் அறிகுறிகள். யானை காதுகளை விரித்துத் தலையை நிமிர்த்தும்; முன்னங்காலொன்றைத் தரையில் ஊன்றாமல் ஊசலைப் போல முன்னும் பின்னும் ஆட்டினால் அது என்ன செய்வதென்று தயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் படம் எடுக்க இன்னும் சற்று முன்னே போகச் சொல்லக் கூடாது. எஞ்சினை அணைத்து அமைதியாக இருப்பதா, மெல்லப் பின்வாங்குவதா என்பதை ஓட்டுநரிடமே விட்டுவிட வேண்டும்.

மாராவின் விதிகள் தெளிவாகவே உள்ளன: ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் இடைவெளி வேண்டும், பிற வண்டிகள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும், காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. விதி மீறப்படும்போது பழி பெரும்பாலும் ஓட்டுநர் மீது விழுகிறது. ஆனால் அவருடைய வருமானத்தில் டிப்ஸுக்குப் பெரிய இடம் உண்டு. பின்னிருக்கையில் முகம் சுளிப்பவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவர் வண்டியை நகர்த்துகிறார் என்பதையும் எண்ண வேண்டும். பெரிய லென்ஸுடன் குழுவாகச் செல்வோர், நம் ஊரிலிருந்து செல்லும் ஒளிப்படக் குழுக்கள் உட்பட, இந்த அழுத்தத்தை மற்றவர்களைவிட அதிகமாகத் தருகின்றனர். 'விதிக்குள் எது கிடைக்கிறதோ அது போதும், டிப்ஸ் குறையாது' என்று முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது பல மீறல்களைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும்.

ஆறு கடக்கும் காட்சிக்கும் இது பொருந்தும். மாட்டைப் போன்ற தோற்றமுள்ள மான்வகையான வைல்டுபீஸ்ட்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல் மழையைத் தொடர்ந்து செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே சுற்றி வருகின்றன. மாரா ஆற்றின் கரைக்கு வந்த மந்தை இறங்கலாமா வேண்டாமா என்று மணிக்கணக்கில் தயங்கும். அப்போது வண்டிகள் முந்திச் சென்று கரையோரம் வரிசை கட்டினால், சரிவான இறங்குதுறை அடைபட்டு, மந்தை திரும்பிப் போகும் அல்லது செங்குத்தான மேட்டிலிருந்து குதித்துக் காலொடியும். 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் கோகடெண்டே பகுதியில் பயணிகள் வண்டியை விட்டிறங்கிக் கரையை மறித்து நின்ற வீடியோ உலகெங்கும் பரவியது. முதல் விலங்கு நீரில் இறங்கும்வரை கரையிலிருந்து தள்ளி நிற்பதே சரியான முறை. தள்ளி நிற்பதால் காட்சி தவறிவிடுவதில்லை.

பபூன் குரங்குக்குப் பிஸ்கட் போடுவது, டிரோன் பறக்கவிடுவது, 2020 ஜூன் முதல் கென்யப் பூங்காக்களில் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் புட்டிகளைக் கொண்டுசெல்வது ஆகியவை தவறு என்பதை விளக்க வேண்டியதில்லை. உகாண்டாவின் புவிண்டி காட்டில் மலைக் கொரில்லாவைப் பார்க்கச் செல்வோர் சளி இருமலை மறைத்துவிட்டு உள்ளே போவதுதான் இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. மனிதரின் சுவாச நோய் கொரில்லாவையும் தொற்றும்; உலகிலுள்ள மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்ற கட்டுப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

காண்டாமிருகத்தின் படத்தை இடக்குறிப்போடு பகிர்வது வேட்டைக்காரருக்கு வழி காட்டுவதாகும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் அன்றன்று கண்ட விலங்குகளைக் குறிக்கும் பலகையில் காண்டாமிருகம் இடம்பெறுவதில்லை. செல்பேசியின் இருப்பிட வசதியை அணைக்காதவர் அந்த முன்னெச்சரிக்கையை வீணாக்கிவிடுகிறார். அதே நாட்டில் சிங்கக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சவும் புட்டிப்பால் ஊட்டவும் பணம் வாங்கும் இடங்களுக்கு, அநாதைக் குட்டிகளைக் காப்பதாக நம்பிச் செல்வோர் இன்னும் இருக்கின்றனர். இத்தகைய பண்ணைகளில் குட்டிகள் பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. வளர்ந்தபின் வேலியிட்ட இடத்தில் சுடுவதற்கும் எலும்பு வணிகத்துக்கும் விற்கப்படுகின்றன. குட்டியைத் தொட அனுமதிக்கும் இடம் எதுவாயினும் அங்கே போகாமலிருப்பது நலம்.

பூங்கா எல்லைக்குள் கண்டதே முழு உலகம் என்று எண்ணுவது கடைசித் தவறு. கென்யாவின் விலங்குகளில் பெரும்பகுதி காப்பகங்களுக்கு வெளியே, மேய்ச்சல் நிலங்களில்தான் வாழ்கிறது. 1977க்கும் 2016க்கும் இடையே அந்நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் விலங்குகளின் எண்ணிக்கை சராசரியாக 68 விழுக்காடு சரிந்தது. மாராவைச் சுற்றி மசாய் மக்கள் பொதுவாக வைத்திருந்த நிலம் தனிப் பட்டாக்களாகப் பிரிந்தபின் வேலிகள் பெருகி, மந்தைகள் காலங்காலமாக நடந்த வழிகள் அடைபடுகின்றன. மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்க, எஞ்சிய உடலில் பூச்சிக்கொல்லி தடவப்படுவதும் உண்டு. அதை உண்ணும் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூட்டமாக மடிகின்றன. கள்ள வேட்டைக்காரரோ, வட்டமிடும் பாறுகள் வனக்காவலருக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகவே நஞ்சிடுகின்றனர். 2019 ஜூனில் போட்ஸ்வானாவில் மூன்று யானைகளின் நஞ்சூட்டப்பட்ட உடல்களைத் தின்று 537 பாறுகள் இறந்தன.

இதை வைத்து மேய்ப்பரைப் பகைவராகக் காண்பதும் பிழையே. இழந்த மாட்டின் விலை அவருடைய பையிலிருந்துதான் போகிறது. மாராவை ஒட்டி, மசாய் நில உரிமையாளரிடம் குத்தகைக்குப் பெற்ற நிலங்களில் நடக்கும் கன்சர்வன்சிகள் எனப்படும் தனிக் காப்பகங்கள் அவருக்கு மாதந்தோறும் பணம் தருகின்றன. அங்கே வண்டிகளின் எண்ணிக்கையும் குறைவு. முன்பதிவு செய்யும்போது அறையின் படத்தைக் கேட்பதோடு நில்லாமல், நிலம் யாருடையது, குத்தகை ஒழுங்காகச் சேர்கிறதா, ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டிகளுக்கு அனுமதி என்ற மூன்றையும் கேட்டு, எழுத்தில் பதில் பெற வேண்டும்.