காந்தம் ஒட்டாததெல்லாம் 304 அல்ல

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கம் வீட்டுக் கொல்லையில் ஒரு வெல்டிங் மெஷினும் சாணைக்கல்லும் போட்டுத் தொழில் பழகும் பிள்ளைகள் இப்போது நிறைய. ஆக்ரிக் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், கிலோ கணக்கில் துண்டுகள் வாங்கி வருகிறார்கள். என்ன உலோகம் என்று கேட்டால் பையிலிருந்து காந்தத்தை எடுக்கிறார்கள். ஒட்டாவிட்டால் 304, அதாவது துருவை நன்றாகத் தாங்கும் எவர்சில்வர் ரகம், என்று முடிவு கட்டுகிறார்கள். கண்ணாடி போடாமல் சாணை பிடிப்பது, ஈயம் தொட்ட கையோடு சாப்பிடுவது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு வீட்டில் இருப்பவர்களே திட்டுவார்கள். இங்கே சொல்வது, பழைய துண்டுகளோடு இவர்கள் செய்யும் மற்ற தவறுகளை.

காந்தத்தை நம்பி எவர்சில்வர் வாங்குவது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். தம்பி ஒருவன் பொன்னானியில் கடலோர வீட்டுக்கு மாடிக் கைப்பிடி செய்துகொடுத்தான். குழாய் பழைய சரக்கு. காந்தம் ஒட்டவில்லை. “304தான் அண்ணா” என்று என்னிடமே சாதித்தான். மழைக்காலம் முடிவதற்குள் பற்றவைத்த இடமெல்லாம் காவிப் புள்ளி. வீட்டுக்காரர் பாக்கியை நிறுத்திவிட்டார். கழற்றி மாற்றிய கூலி, வண்டி வாடகை எல்லாம் தம்பியின் கைக்காசு.

304 ரகத்தில் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202 ரகத்தில் 4 முதல் 6 வரைதான். குறைந்ததை ஈடுகட்ட 7.5 முதல் 10 சதவீதம் மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். விலை குறையும், துருவைத் தாங்கும் சக்தியும் குறையும். ஆனால் இரண்டிலும் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை ஒன்றே. காந்தத்துக்குத் தெரிவது அந்த அடுக்கு மட்டும்தான். நிக்கல் எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்?

தலைகீழாகவும் நடக்கிறது. நல்ல 304 குழாயைச் சூடாக்காமல் வளைத்தால், வளைந்த இடத்தில் காந்தம் இலேசாகப் பிடிக்கும். அதைப் பார்த்து ‘கலப்பட மால்’ என்று தள்ளிவிட்டு, ஒட்டாத 202ஐ அதே விலை கொடுத்துத் தூக்கி வருகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் அந்தக் காந்தம் பையை விட்டு இறங்குவதில்லை.

எடை, கன அளவு பார்த்தும் இவற்றைப் பிரிக்க முடியாது. அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான். மாங்கனீஸ் சோதனைத் திரவம் சிறு பாட்டிலில், 9 வோல்ட் பேட்டரியோடு விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொடவைத்து, உடன் வரும் வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். பெரிய வேலை என்றால், உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே கருவி உள்ள சோதனைக்கூடத்தில் ஒரு துண்டைக் காட்டிவிடுவது மலிவு. இன்னொன்று: கடற்காற்றில் அசல் 304 கூடக் கறை பிடிக்கும். பொன்னானிக்குத் தேவைப்பட்டது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 ரகம்.

அலுமினியத்தைச் சாதாரணச் சாணைக்கல்லில் பிடிப்பது

வேண்டாம். கல் அடைத்துக்கொண்டு சூடேறி உடையும்.

சாணையில் பறக்கும் தீப்பொறியை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது

மைல்டு ஸ்டீல் நீளமான வெளிர்மஞ்சள் பொறி தரும். கார்பன் கூடினால் பொறி கிளைவிட்டுச் சிதறும். பழைய அரத்தைப் பிடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, சிவப்பாக இருக்கும். கல்லும் வெளிச்சமும் மாறினால் கண் ஏமாறும் என்பதால், பெயர் தெரிந்த துண்டொன்றைப் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பிடிக்க வேண்டும்.

வெள்ளையாக இருந்தாலே அலுமினியம் என்பது

சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் கன செ.மீ. துண்டின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 2.7 அருகில் வந்தால் அலுமினியம், 6.6 அருகில் என்றால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம், 1.8 அருகில் என்றால் மக்னீசியம், கையை எடுங்கள். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணல்தான்.

மஞ்சள் பூச்சுள்ள பழைய போல்ட்டைச் சூடாக்குவது

துத்தநாகப் பூச்சாக இருந்தால் புகை காய்ச்சலைக் கொடுத்துவிட்டு ஓரிரு நாளில் விட்டுவிடும். கேட்மியம் என்றால் நுரையீரலைக் கெடுத்து உயிரையே எடுக்கும். பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வதை நம்பிப் படுத்துவிடாதீர்கள். கேட்மியம் புகையின் வேலை சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தப் பூச்சைச் சூடாக்கினோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.