மணிக்கும் கருப்பிக்கும் பல் க்ளீனிங்: போகும் முன் கேட்க வேண்டியவை

முதலில் உங்கள் நாய் அல்லது பூனையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவை பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். கன்னத்துப் பக்கம் உதட்டை ஒதுக்கினால் மேல்வரிசையில் பின்னால் ஒரு பெரிய பல் தெரியும். எச்சில் சுரப்பி ஒன்று அதன் பக்கத்தில்தான் திறக்கிறது. அதனால் காறை, அதாவது பல்லில் கல் மாதிரி இறுகிப்போகும் அழுக்கு, அங்கேதான் அதிகம் படியும். எங்கள் மணிக்கு அந்த இடத்தில் பல்லே தெரியவில்லை. பனங்கற்கண்டை ஒட்டி வைத்தது மாதிரி பழுப்பாக ஒரு கட்டிதான் இருந்தது. ஈறு ஓரம் சிவந்து, கொட்டாவி விட்டால் பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம்.

மணி, நம் ஊரில் பொமேரியன் என்று சொல்லி விற்கிற ஸ்பிட்ஸ் நாய். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். நாள் முழுக்க காலடியில் படுத்திருப்பவன் என்பதால் நாற்றம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பல் சுத்தம் செய்ய மயக்க ஊசி போட வேண்டும் என்றதும் பயந்துபோய், நாய்க்கு முடி வெட்டும் கடை ஒன்றில் மயக்கமில்லாமலே சுரண்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே கூட்டிப் போனேன். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பல் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டே மாதத்தில் நாற்றம் திரும்பிவிட்டது, காறையும்தான்.

சட்டைக் காலரின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு மடிப்புக்குள் அழுக்கை விட்டுவைத்த கதை அது. பல்லைக் கெடுக்கும் கிருமிகள் ஈறுக்கு அடியில் இருக்கின்றன. விழித்திருக்கும் நாயின் ஈறுக்குள் கூரான கருவியை யாரும் ஒழுங்காக விட முடியாது. சுரண்டிய பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். பாலிஷ் போட்டு அவற்றை மழுக்காவிட்டால் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவர்களின் அமைப்பான ஏ.வி.டி.சி. மயக்கமில்லாத சுரண்டலை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. எனக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

"வயசாகிவிட்டது, மயக்கம் தாங்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வயதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. இதயம், கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை. ஸ்டெதாஸ்கோப்பில் இதயச் சத்தம் சரியில்லை என்று டாக்டர் சொன்னால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். உங்களுடையது பக் மாதிரி சப்பை மூக்கு நாயா? மூச்சுக்குழாய் விஷயத்தைத் தனியாகப் பேசுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாயா? அதையும் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவான அந்த வகைக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரம் ஆகும், மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டவை இவை. மயக்கத்தில் தொண்டைக்குள் டியூப் போடுவீர்களா? காறையை உடைக்கும் மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும். டியூப் இல்லையென்றால் அந்தத் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போய்விடும். இதற்கு 'ஆமாம்' என்ற பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மயக்கத்தைக் கவனிக்க மட்டும் தனியாக ஒருவர் இருப்பாரா? பல் எக்ஸ்ரே உண்டா? எல்லா கிளினிக்கிலும் இது இருக்காது. ஆனால் பல்லின் பெரும்பகுதி எலும்புக்குள் இருப்பதால், மேலே நன்றாகத் தெரியும் பல் அடியில் அழுகிக் கிடக்கலாம். திருச்சியிலேயே நான் மூன்று இடம் விசாரித்தேன். உங்கள் பக்கத்தில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு போல கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

பில் விஷயத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதற்கு ஒரு தொகை, பல் பிடுங்க நேர்ந்தால் பல்லுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. வாயைத் திறந்து அளந்து பார்க்கும் வரை எத்தனை பல் போகும் என்று டாக்டருக்கே தெரியாது. "பிடுங்குவதற்கு முன் எனக்கு ஃபோன் பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஃபோனைக் கையிலேயே வைத்திருங்கள்.

முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் பொதுவாக காலை வரை தரலாம். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவைகளுக்கும் கணக்கு வேறு, டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். தினமும் கொடுக்கும் மாத்திரை இருந்தால் காலையில் கொடுப்பதா வேண்டாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. மணிக்கு முதல் தேதி இதனால்தான் தள்ளிப் போனது. காலை ஆறு மணிக்கு அவன் பார்த்த பார்வையில் மனசு இளகி, என் மாமியார் இரண்டு மாரி பிஸ்கட்டைப் போட்டுவிட்டார். அடுத்த தடவை பிஸ்கட் டப்பாவையே பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். வெளியே சுற்றும் பூனையென்றால் இரவே ஓர் அறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். நாம் சோறு வைக்காவிட்டாலும் அது ஒரு பல்லியைப் பிடித்துத் தின்றுவிட்டு வந்து நிற்கும்.

கூடவே பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துப் போங்கள். தண்ணீர் பீய்ச்சி வேலை செய்வதாலும் மயக்கத்தாலும் சின்ன உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகும்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால்: முன்னங்காலில் கொஞ்சம் முடியை வழித்து ட்ரிப்ஸ் ஊசி ஏற்றுவார்கள். மயங்கியதும் டியூப் போட்டு, ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மெஷினில் பார்த்துக்கொண்டே காறையை உடைப்பார்கள். பிறகு மெல்லிய அளவுகம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை, பூனைக்கு 1 மில்லிமீட்டர் வரை இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் ஈறு பல்லை விட்டுக் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. அத்தனைக்கும் ஒரு சார்ட் எழுதுவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், அடுத்த வருடம் உதவும். கடைசியில் பாலிஷ், கழுவல். மணிக்கு இதெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் பனங்கற்கண்டு உடைந்ததும் எக்ஸ்ரேயில் மூன்று பற்களின் வேரைச் சுற்றி எலும்பே இல்லை. மூன்றும் போயின. சுரண்டல் கடை பளபளப்பாக்கியதும் அதே பற்களைத்தான்.

பூனை விஷயம் கொஞ்சம் வேறு. எங்கள் பூனை கருப்பிக்கு நாற்றமே இல்லை. மீனைக் கவ்வி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்று, சட்டென்று கீழே போட்டுவிட்டு உறுமுவாள். டாக்டர் பார்த்துவிட்டு, பல்லை உடம்பே அரிக்கும் நோய் என்றார். பூனைகளுக்கு இது சாதாரணமாக வருகிற ஒன்று. அந்தப் பல்லை எடுப்பதுதான் வழி. பூனைக்கு இன்னொன்றும் கேளுங்கள்: வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் கருவி போடுவார்களா? அதை வைத்து நெடுநேரம் அகலத் திறந்து வைத்தால் மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் போவது குறைந்து பார்வையே போகும் ஆபத்து உண்டு. விஷயம் தெரிந்த டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டுக்கு வந்த அன்று தள்ளாடும், முனகும். டியூப் உரசியதால் ஓரிரு நாள் லேசாக இருமலாம். மாடிப்படி, கட்டில் பக்கம் விடாதீர்கள். பல் எடுத்திருந்தால் இரண்டு வாரம் குழைந்த சோறுதான். கயிறு இழுக்கும் விளையாட்டெல்லாம் வேண்டாம். வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்து மட்டுமே. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரை எடுத்துவிடும், நாய்க்கு ஐபுப்ரோஃபென் விஷம். ரத்தம் நிற்கவில்லை, முகம் வீங்குகிறது, பூனை மறுநாளும் சாப்பிடவில்லை என்றால் உடனே ஃபோன் செய்யுங்கள்.

அப்புறம் பிரஷ். பல்லில் படியும் அழுக்கு இரண்டு மூன்று நாளிலேயே இறுகிக் காறையாகத் தொடங்கிவிடும், அதனால் தினமும் தேய்த்தால்தான் பலன். நம் பேஸ்ட் கூடாது, நாயும் பூனையும் துப்பாமல் விழுங்கிவிடும். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்த பேஸ்டாக இருந்தால் நாயைக் கொல்லவே செய்யும். கோழி வாசனையில் அவற்றுக்கென்றே பேஸ்ட் விற்கிறது. வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று கறிக்கடைக்காரர் சொல்வார். காறை கொஞ்சம் உதிரும்தான், ஆனால் அந்தப் பெரிய பல் பிளந்தும் போகும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

மணி இப்போது நான் தையல் மெஷினை மூடும் சத்தம் கேட்டதும் பேஸ்டுக்காக வந்து உட்கார்ந்துவிடுகிறான். கருப்பிக்கு வாரத்தில் மூன்று நாள் தேய்க்க முடிந்தால் பெரிய விஷயம். மற்ற நாட்களில் அவள் பீரோ மேலே.