சோலார் கேமரா மாட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னை அழைத்தார்கள். வீட்டுக்கு வெளியே பேட்டரி கேமரா மாட்டி, கூடவே சோலார் பேனலும் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. அப்புறம் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. "பேனல் பழுதாகிவிட்டதா? வேறு வாங்கட்டுமா?"

மூன்று இடத்திலும் பேனலில் ஒரு குறையும் இல்லை. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுதான். அதனால்தான் எழுதுகிறேன். பேனலைச் சுவரைப் பார்த்து வைக்காதீர்கள், வெளியில் தாங்காத கேமராவை வெளியில் மாட்டாதீர்கள் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிழலை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ஆணி அடிப்பது

என் பெரியம்மா வீட்டின் பின்வாசலுக்குக் கேமரா மாட்டிக் கொடுத்தேன். நண்பகலில் போய்ப் பார்த்தபோது அந்தச் சுவரில் வெயில் கொளுத்தியது. அது போதும் என்று நினைத்து அங்கேயே பேனலை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். சில மாதம் கழித்து, "சார்ஜ் 60ல் நிற்குதுப்பா" என்றார். பேட்டரிதான் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கிப் போட்டேன். மறுபடியும் இறங்கியது. அடுத்து பெரிய பேனல் வாங்கி, அதே இடத்தில், அதே தாங்கியில் மாட்டினேன். அதற்கும் அதே கதி.

ஒரு நாள் காலையில் பின்வாசல் பூட்டு உடைந்து கிடந்தது, சைக்கிளைக் காணோம். கேமரா நான்கு நாளாகவே அணைந்து கிடந்திருக்கிறது. "நீ மாட்டியிருக்கேன்னு நம்பித்தானே இருந்தேன்" என்றார் பெரியம்மா. வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்க அந்தச் சுவரின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலை ஒன்பதரைக்கு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் நிழல் பேனலின் ஓரத்தைத் தொட்டது. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அது மெதுவாக நகர்ந்து பேனலைக் கடந்து போக மதியம் ஆகிவிட்டது. பேனலுக்கும் கேமராவுக்கும் நடுவில், எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் ஒரு யூஎஸ்பி மீட்டரைச் செருகிப் பார்த்தேன். நிழல் விலகியதும் 0.52 ஆம்பியர் காட்டியது. ஒரு அட்டைத் துண்டை, பேனலில் தெரியும் கட்டங்களில் (செல்களில்) ஒரே ஒரு கட்டத்தின் மேல் வைத்தேன். 0.06க்கு விழுந்தது. அட்டையை எடுத்தால் 0.52. வைத்தால் 0.06. பத்துப் பதினைந்து முறை வைத்து எடுத்துப் பார்த்தேன்.

காரணம் இதுதான். ஒரு சிலிக்கான் கட்டம் தருவது ஏறக்குறைய அரை வோல்ட். 6 வோல்ட் பேனல் என்றால் 12 கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். தோட்டத்து ரப்பர் குழாயை எந்த இடத்தில் மிதித்தாலும் மொத்தத் தண்ணீரும் நின்றுவிடுகிறது அல்லவா, அதுபோல ஒரு கட்டம் இருண்டால் அந்தக் கோர்வை முழுவதிலும் மின்சாரம் சுருங்கிவிடும். கூரையில் போடும் பெரிய பேனல்களில், இருண்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போவதற்கு டையோடு வைத்திருப்பார்கள். கேமராவுக்கு வரும் சின்னப் பேனல்களில் பெரும்பாலும் அது கிடையாது. அதனால் பத்தில் ஒரு பங்கு நிழல் விழுந்தால் பத்தில் ஒரு பங்குதான் நஷ்டம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு கிளை, ஒரு கொடிக்கம்பி, ஒட்டிக்கொண்ட ஒரு இலை, காய்ந்துபோன பறவை எச்சம், எதுவானாலும் போதும்.

அப்படியானால் முதல் சில மாதம் ஏன் ஓடியது? சூரியன் வருடம் முழுவதும் ஒரே பாதையில் போவதில்லை. பூமத்திய ரேகையிலிருந்து 40 டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் ஜூன் கடைசி வாரம் நண்பகல் சூரியன் சுமார் 73 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் கடைசி வாரம் வெறும் 27 டிகிரி. 2 மீட்டர் உயரச் சுவரின் நிழல் ஜூனில் 60 சென்டிமீட்டர், டிசம்பரில் 4 மீட்டர். வெப்ப மண்டல ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே நண்பகல் சூரியன் வருடத்தில் சில மாதம் வடக்கே, சில மாதம் தெற்கே சாய்ந்து நிற்கும். ஜனவரியில் வெயிலில் குளிக்கும் தெற்குச் சுவர், ஜூனில் சன்ஷேடு நிழலில் மூழ்கிவிடலாம்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, கைபேசியில் தெரியும் அந்த மின்னல் குறி. "அண்ணா, சார்ஜ் ஆகுதுன்னுதான் காட்டுது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பேனலிலிருந்து கொஞ்சம் வோல்ட்டேஜ் வந்தாலே அந்தக் குறி எரியும். எவ்வளவு ஏறுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மங்கலான வெளிச்சத்தில்கூட எரியும். அதைப் பார்த்து நம்பி, பேட்டரியையும் பேனலையும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

மாட்டும் முன் காலை 9, நண்பகல் 12, மாலை 3 என மூன்று நேரம் அந்த இடத்தைப் பாருங்கள். நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். சூரியன் எந்த மாதம் எந்த வழியாகப் போகும் என்று காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கைபேசியைப் பேனல் வரப்போகும் இடத்தில் பிடித்து ஜூன், டிசம்பர் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு இரண்டு வாரம், தினமும் விடிவதற்கு முன் ஒரே நேரத்தில் பேட்டரி சதவீதத்தைக் குறித்து வையுங்கள். மேக மூட்டமே இல்லாத நாட்களிலும் ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு என்று இறங்கினால், இடம் தவறு.

இந்தத் தவறு நடப்பதற்கு இன்னொரு காரணம், பேனலைக் கேமராவோடு ஒட்டியே மாட்ட வேண்டும் என்ற எண்ணம். கேமராவுக்குச் சன்ஷேடின் அடி நல்லது. பேனலுக்குத் திறந்த வானம் வேண்டும். இரண்டையும் ஒரே தாங்கியில் பூட்டினால் ஒன்று கெடும்.

கேமரா எவ்வளவு சாப்பிடும் என்று பார்க்காமல் பேனல் வாங்குவது

ஆள் அசைந்தால் மட்டும் விழித்துப் படம் பிடிக்கும் கேமராவுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வாட்-மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரம் ஓட ஆகும் மின்சாரம்) போதும். 3 வாட் பேனல், 4 மணி நேர நல்ல வெயில், வழியில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் 7 வாட்-மணி வரும். தாராளம்.

இடைவிடாமல் 24 மணி நேரமும் பதிவு செய்யும் கேமரா வேறு சாதி. அது 3 வாட் எடுத்தால் நாளுக்கு 72 வாட்-மணி. அதே கணக்கில் 30 வாட் பேனல் வேண்டும், அதுவும் வானம் தெளிவாக இருக்கும் நாளுக்கு. மேக மூட்டத்தையும் நினைத்தால் 50, 60 வாட். இரண்டு நாள் வெயில் இல்லாமல் தாங்குவதற்கு லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 12 வோல்ட்டில் 24 ஆம்பியர்-மணி கொள்ளளவாவது இருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. உள்ளங்கை அளவு பேனலை வைத்து இந்த வகைக் கேமராவை ஓட்ட நினைப்பவர்களிடம் நான் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

12 வோல்ட் பேனலை 5 வோல்ட் கேமராவில் நேரடியாகச் செருகுவது

12 வோல்ட் என்று எழுதியிருக்கும் பேனல் சுமை இல்லாதபோது 20 வோல்ட்டைத் தொடும். கேமராவுக்குள் இருக்கும் போர்டு எரிந்து போய்விடும்.

மெல்லிய கேபிளை நீட்டிக்கொண்டே போவது

பேனலைத் தள்ளி வையுங்கள் என்று நானே மேலே சொன்னேன், ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி கேபிளில் உள்ளே ஓடும் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்). போக வர இரண்டு கம்பியையும் சேர்த்து ஒரு மீட்டருக்கு 0.43 ஓம் வரும். அரை ஆம்பியர் ஓடும்போது 5 மீட்டரில் 1 வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே தொலைந்துவிடும். பேனலில் 5 இருந்தாலும் கேமராவுக்குப் போய்ச் சேர்வது 4க்குள். பல கேமராக்கள் அதில் சார்ஜ் ஏற மறுக்கும். 3 மீட்டரைத் தாண்டினால் 20 அல்லது 22 கேஜ் கம்பியுள்ள கேபிள் வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும், கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

பாதி சார்ஜில் கேமராவை மேலே ஏற்றுவது

முதலில் வீட்டுக்குள் 100 வரை ஏற்றுங்கள். சின்னப் பேனல் அந்த அளவைக் காப்பாற்றிக்கொண்டு போகும், காலிப் பேட்டரியை நிரப்ப அதற்குப் பல நாள் ஆகும்.

பேனலை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைப்பது

வேண்டாம்.

பேட்டரியை வெயிலில் காயவிடுவது

லித்தியம்-அயான் பேட்டரியைப் பொதுவாக 0 டிகிரி முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் நல்ல கேமரா தானாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். மேற்குச் சுவரில், மாலை வெயில் நேராக அடிக்கும் இடத்தில் கருப்பு நிறக் கேமரா இருந்தால், வெயில் உச்சத்தில் இருக்கும்போதே சார்ஜ் நின்றுபோவதைப் பார்க்கலாம். மலிவான கேமராவாக இருந்தால் நிறுத்தாது, பேட்டரி உப்பிவிடும். உறைபனி விழும் ஊர்களில் இதே பிரச்சினை மறுபக்கத்தில் வரும். பகல் முழுக்க வெயில் அடித்தும் பேட்டரி ஏறாது.

இணைப்பை மேல்நோக்கி விடுவது

பேனல் கேபிள் கேமராவில் சேரும் இடம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதற்கு முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் கேபிள் வழியாக ஓடி வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ரப்பர் மூடியை அழுத்தி விடுங்கள். செருகிய முனையைப் பிரித்துப் பார்க்கும்போது பச்சை நிறம் தெரிந்தால் ஏற்கெனவே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த முனையை மாற்றினால்தான் தீரும்.

மரம் ஆடுவதையெல்லாம் பதிவு செய்ய விடுவது

இடம் சரி, கேபிள் சரி, இருந்தும் இறங்குகிறது என்றால் ஒரு இரவின் பதிவுகளைத் திறந்து எண்ணிப் பாருங்கள். கடைசியாக நான் பார்த்த வீட்டில் ஒரே இரவில் 140 பதிவுகள். அத்தனையும் கேமராவுக்கு முன்னால் ஆடும் ஒரு கிளையும், தெருவில் போகும் வண்டிகளும்தான். ஒவ்வொரு முறையும் கேமரா விழித்து, இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு விளக்கை எரித்து, வைஃபையில் படம் அனுப்புகிறது. ரவுட்டர் தொலைவில் இருந்து சிக்னல் பலவீனமாக இருந்தால் அனுப்புவதற்கே இன்னும் அதிக நேரம் எடுக்கும். கண்காணிக்கும் பகுதியை வாசலுக்கு மட்டும் சுருக்கி, அந்தக் கிளையை வெட்டினோம். மறுநாள் இரவு 6 பதிவுகள். பேனலைத் தொடவே இல்லை.