கலர் வாங்கும்போது காசைக் கோட்டை விடாமல் இருக்க

மளிகை பில் ஏறுகிறதென்று பருப்பில் கை வைப்பதற்கு முன்னால், பில்லில் இருக்கும் அந்தக் கலர் பாட்டிலை, அதாவது கூல்டிரிங்க்ஸைப் பாருங்கள்.

முதலில் எம்ஆர்பியை மறந்துவிட்டு லிட்டர் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, 750 மில்லி 40 ரூபாய் என்றால் லிட்டர் 53 ரூபாய்க்கு மேல், 2.25 லிட்டர் 99 ரூபாய் என்றால் லிட்டர் 44தான். லேபிளிலேயே யூனிட் விலை இருக்குமே என்பீர்கள், இருக்கும், ஆனால் ஒரு லிட்டருக்குக் குறைவான பாட்டிலில் மில்லிக்கு இவ்வளவு என்று போட்டு இரண்டு தசமத்தில் முடித்துவிடுவதால் 53 ரூபாய் சரக்கும் 50 ரூபாய் சரக்கும் ஒரே 0.05ஆகத் தெரியும். போன் கால்குலேட்டரே மேல். பெரிய பாட்டிலைத் திறந்து கேஸ் போய்க் கொட்டினால் லாபமில்லை, அதையும் யோசியுங்கள்.

அப்புறம் பிராண்ட். வீட்டில் "கோக்தான் வேணும்" என்று அடம் பிடிப்பவரிடம் கோக், பெப்சி, காம்பா, 1958லிருந்து இங்கே விற்கும் காளிமார்க் பொவண்டோ, நாலையும் ஒரே குளிர்ச்சியில் பெயர் சொல்லாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். பொவண்டோவின் திராட்சை வாசனை காட்டிக்கொடுத்துவிடும், மற்ற மூன்றில்தான் வேடிக்கை. வித்தியாசம் தெரியவில்லையா, மலிவானதை வாங்குங்கள். தெரிந்தால் சரி, பிடித்ததையே வாங்கி மாதத்தில் ஒரு பாட்டில் குறையுங்கள்.

கூலிங் சார்ஜ் என்று எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள், அது சட்டப்படி தப்பு.