மாலிப்டினம் பூச்சைத் தரையிலேயே தீர்த்துவிடாதீர்கள்

சிறிய செயற்கைக்கோள் செய்யும் மாணவர் குழுக்களின் நகரும் பாகங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அவ்வப்போது போகிறேன். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. கடையில் வாங்கும் கிரீஸ் வெற்றிடத்தில் ஆவியாகி லென்ஸில் படியும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

சோதனை என்ற பெயரில் பூச்சைத் தேய்ப்பது

ஒரு குழு சோலார் பேனல் கீலில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற எண்ணெயில்லாத உலர் மசகைப் பூசியிருந்தது. நல்ல தேர்வு. "சார், வர்றவங்களுக்கெல்லாம் விரிச்சுக் காட்டுறோம், ஒரு தடவைகூட சிக்கல" என்றார் ஒரு மாணவர். பறக்கப்போகும் கீலே அதுதான். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை.

இந்தப் பூச்சு அடுக்கடுக்கானது. அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதால்தான் உராய்வு குறைகிறது. வெற்றிடத்தில் உராய்வுக் கெழு 0.05 அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். ஈரக் காற்றில் ஆக்சிஜனும் நீராவியும் புகுந்து சறுக்கலைக் கெடுக்கின்றன. உராய்வு பல மடங்கு கூடும், படலமும் மிக வேகமாகத் தேயும். உராய்வு கூடுவதைப் பார்த்து, "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று இன்னும் ஓட்டுகிறார்கள். மிச்சமிருப்பதும் அதில் போய்விடும்.

இதற்கு நாசா கொடுத்த விலை, வியாழனுக்கு அனுப்பிய கலிலியோ விண்கலம். 1986 சேலஞ்சர் விபத்தால் அதன் பயணம் 1989 வரை தள்ளிப்போனது. குடைபோல் மடிந்த பெரிய ஆண்டெனா கலிஃபோர்னியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் இடையே லாரியில் அலைந்தது. அந்த அதிர்விலும் சோதனைகளிலும் ஆண்டெனாவின் விலாக்கம்பிகளை நடுத்தண்டோடு பிடித்திருந்த ஊசிகளின் மேலிருந்த உலர் மசகு தேய்ந்துபோனது என்பதே விசாரணையின் முடிவு. 1991 ஏப்ரலில் விரிக்கக் கட்டளை கொடுத்தபோது, 18 விலாக்கம்பிகளில் சில நடுத்தண்டை விட்டு வரவே இல்லை. விநாடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சிறிய ஆண்டெனா வழியாக 160 பிட் வரைதான் அனுப்ப முடிந்தது. தரவுச் சுருக்கமும் பூமியில் ஆண்டெனாக்களை ஒன்றுசேர்த்ததும்தான் அந்தப் பயணத்தைக் காப்பாற்றின.

ஆகவே காட்டுவதற்கு ஒரு கீல், பறப்பதற்கு இன்னொரு கீல். பறக்கும் கீலை வெற்றிட அறையிலோ உலர்ந்த நைட்ரஜனிலோ மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு அசைவையும் நோட்டில் எழுதுங்கள். பயணம் தள்ளிப்போனால், கீலை வெளியே எடுத்துப் பூச்சைப் பாருங்கள்.

கிராஃபைட்

வேண்டாம். அது வழுக்க நீராவி வேண்டும், வெற்றிடத்தில் அது கிடையாது.

ஒரே உலோகத்தை எதிரெதிரே வைப்பது

உலோகத்தின் மேல் காற்றால் உண்டாகும் ஆக்சைடு படலம் தேய்ந்தால், வெற்றிடத்தில் மறுபடி உருவாகாது, உலோகங்கள் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய் அதிகமானால் நல்லது என்று நினைப்பது

பேரிங்கில் எண்ணெய் மிகுந்தால் இழுவை கூடும், குளிரில் அது இன்னும் மோசம். அப்புறம், ஆவியாகாது என்று நம்பி வாங்கும் ஃப்ளோரின் எண்ணெய்களும் எஃகோடு அழுத்தத்தில் உரசினால் மூலக்கூறு உடைந்து கெடுகின்றன. அளவைவிட, எத்தனை சுற்றுக்கு அது தாங்கும் என்பதை முதலில் கேளுங்கள்.