பார்ஹுத் தூணில் ஏரபதன்: நாகச் சிற்பத்தைப் படிக்கும் முறை

தொடக்கப் பௌத்தப் புடைப்புச் சிற்பங்களில் நாகங்களை அடையாளம் காணப் பழகுபவர்கள், மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத் தூபியின் ஏரபத நாகராஜன் (நாகங்களின் அரசன்) சிற்பத்தில் தொடங்குவது நல்லது. 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டறிந்த அத்தூபியின் வேலித் தூண்கள் பலவும் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. தெளிவான ஒளிப்படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கதையை முன்கூட்டியே படித்துவிட்டால் கண் சோம்பிவிடும். ஆகவே முதலில் கல்லைப் பாருங்கள்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்.
இங்கே நாகராஜனுக்கு ஐந்து படம் (பாம்பின் விரிந்த தலை), பெண் நாகமான நாகினிக்கு ஒன்று. அரசன் மனித உருவெடுத்தாலும் தலைப்பாகைக்கு மேல் ஐந்து படங்களும் விரிந்தே இருக்கும்.

படி 2: ஒரே பாத்திரம் எத்தனை முறை வருகிறது என்று தேடுங்கள்.
ஏரபதன் இச்சிற்பத்தில் மூன்று முறை வருகிறான்: ஐந்தலைப் பாம்பாக நீரிலிருந்து எழுகிறான், தேவியருடன் மனித உருவில் வெளிப்படுகிறான், பிறகு மண்டியிடுகிறான். இவர்கள் மூன்று நாகர்கள் அல்லர். காலத்தால் வேறுபட்ட மூன்று கணங்களைச் சிற்பி ஒரே சட்டத்துக்குள் அடக்கியிருக்கிறார். பாம்பின் படத்தின்மேல் நிற்கும் பெண்ணைத் தவறவிடாதீர்கள். கௌதம புத்தருக்கு முந்தைய காசியப புத்தர் காலத்தில் துறவியாக இருந்து, ஓர் இலையைப் பிய்த்த சிறு குற்றத்தால் நாகமாகப் பிறந்த ஏரபதன், புதிய புத்தர் தோன்றிவிட்டாரா என்று அறிவதற்காகத் தன் மகளைக் கங்கையில் படத்தின்மேல் நிறுத்திப் புதிர்ப்பாடல் பாடவைத்தான் என்கிறது பாலி மொழிப் பௌத்த உரைமரபு.

படி 3: வெற்றிருக்கையைக் கண்டுபிடியுங்கள்.
ஏரபதன் வணங்கும் இடத்தில் வாகை மரமும் ஆளில்லாத பீடமும் மட்டுமே உள்ளன. அந்தப் பீடமே புத்தரைக் குறிக்கும் அடையாளம்.

படி 4: கடைசியாகக் கல்வெட்டு.
'ஏரபத நாகராஜன் பகவானை வணங்குகிறான்' என்ற பொருளில் பிராமி எழுத்து வரி அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இனி சாஞ்சிப் பெருந்தூபியின் கிழக்குத் தோரணத்தில் (நுழைவாயிலில்) பயிற்சி செய்யுங்கள். அங்கும் வெற்றிருக்கையை ஒட்டி ஐந்தலை நாகம் உண்டு. உடனே மழையில் புத்தருக்குக் குடைபிடித்த முசலிந்தன் என்னும் நாகம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கூரைச் சாளரங்களில் தீ நாக்குகளும், அருகே சடைமுடித் துறவியரும் தெரிந்தால், அது தீயை வழிபட்ட சடைமுடித் துறவி உருவேலக் காசியபரின் வேள்விச்சாலையில் புத்தர் அடக்கிய சினநாகம்.