மறதி நோயுள்ள அம்மாவைப் பார்க்கப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

கோவைக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அம்மாவைச் சேர்த்த புதிதில், உள்ளே நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?" அம்மா என் முகத்தைப் பார்ப்பார், சிரிப்பார், பக்கத்தில் நிற்கும் அட்டெண்டர் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பார். நான் விடமாட்டேன். "நல்லாப் பாரும்மா." ஒருநாள் அழுதுவிட்டார். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, பரீட்சை வைக்காதீங்க. நீங்க போனப்புறம் சாப்பிடவே மாட்டேங்கறாங்க" என்றார்.

முக்கால்வாசி விஷயம் அதிலேயே இருக்கிறது. அல்சைமர் வகை மறதி நோயில், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி சீக்கிரமே பழுதாகிவிடுகிறது. அதனால் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும், சின்ன வயதில் தண்ணீர் சேந்திய கிணறு நினைவிருக்கும். ஆனால் மனதில் எழும் உணர்ச்சி அத்தனை வேகமாக அழிவதில்லை. 2014-ல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சந்தோஷமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். எதைப் பார்த்தோம் என்பது சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் மறந்துவிட்டது. அந்தச் சோகமும் சந்தோஷமும் மட்டும் அரை மணி நேரம் கழித்தும் இருந்தன. ஆக, நாம் வந்துபோனதை அம்மா மறந்துவிடுவார். நாம் கிளப்பிவிட்ட கலக்கத்தோடுதான் சாப்பாட்டுக்கு உட்காருவார்.

எனவே கேட்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். "அம்மா, பெரியவன் வந்திருக்கேன்." பின்னாலிருந்து தோளைத் தொடாமல் எதிரே போய், கண்ணுக்குக் கண் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். அப்படியும் அடையாளம் தெரியாத நாட்கள் வரும். என்னை வாய் நிறைய "டா" போட்டுக் கூப்பிட்ட அம்மா, ஒருநாள் "வாங்க, உக்காருங்க. நீங்க எந்த ஊருங்க?" என்றார். கொங்கு நாட்டு மரியாதை அவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "தாராபுரம் பக்கமுங்க" என்றேன். "அட, எங்க ஊரும் அதானுங்க!" என்று முகம் மலர்ந்தது. அன்று முக்கால் மணி நேரம் பேசினோம்.

அடுத்த தவறு, திருத்துவது. "அப்பா எங்கே?" என்று கேட்கும்போது "அப்பா போய் ஒன்பது வருஷமாச்சேம்மா" என்று உண்மையைச் சொல்லத் தோன்றும். நமக்கு அது பழைய சேதி. அம்மாவுக்கு அந்த நிமிடம்தான் அப்பா இறக்கிறார். மறுபடி கேட்டால் மறுபடி இறப்பார். அதற்காக "இப்ப வந்துடுவார்" என்று சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன், இருட்டும் வரை வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இப்போது "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா?" என்று ஆரம்பித்து, அவர் சந்தைக்குப் போன கதைக்கு வந்துவிடுவேன். "வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லும்போதும் இதேதான். அம்மா கேட்கும் வீடு நாம் விற்ற வீடாகக்கூட இருக்காது, அவர் பிறந்த வீடாக இருக்கும். அங்கே எத்தனை மாடு இருந்தது என்று கேளுங்கள்.

சரி, எப்போது போவது? ஆபீஸ் முடிந்து ஆறு, ஆறரைக்குப் போவதுதான் நமக்கு வசதி. ஆனால் மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் கூடும். காலை டிபனுக்குப் பிறகு, பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள், வேறு மனிதரைப் பார்ப்பது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வேன் வைத்துக்கொண்டு போவதும், போனதும் அமெரிக்காவில் இருக்கும் பேத்தியை வீடியோ காலில் போடுவதும் வேண்டாம். இரண்டு பேர் போதும்.

பேச்சு ஓடவில்லை என்றால் கைக்கு வேலை கொடுங்கள். பூவும் நாரும் கொடுத்தால், மகனின் முகம் மறந்த அம்மாவின் விரல்கள் தானாகக் கட்டுகின்றன, ஏனென்றால் கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் தங்குகிறது. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடலாம், மொச்சை உரிக்கலாம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் பார்த்துவிட்டு வருவதுதான்.

ஆசையாக முறுக்கும் லட்டும் வாங்கிப் போய், நர்ஸைக் கேட்காமல் ஊட்டிவிடாதீர்கள். நோய் முற்றும்போது விழுங்குவதே தடுமாறும். உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரை கொண்டுவிடும்.

"அந்தப் பொண்ணு என் வளையலை எடுத்துட்டா" என்று அம்மா சொன்னால், உடனே அட்டெண்டரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம், "நோய்தான் பேசுது" என்று தள்ளிவிடவும் வேண்டாம். முதலில் தலையணைக்கு அடியில் தேடுங்கள், அப்புறம் பொறுப்பாளரிடம் நிதானமாகக் கேளுங்கள். படுக்கைப் புண் ஆரம்பிப்பதுபோல் குதிகாலிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா, போட்டிருக்கும் கண்ணாடி அவருடையதுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். போன வாரம் நன்றாக இருந்தவர் இந்த வாரம் திடீரென்று குழறினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் பொதுவாக இரண்டு நாளில் இப்படித் தாவாது. சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் தண்ணீர் குறைந்ததோ, புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வருகிற சாக்கில் பத்திரத்தை எடுத்து வந்து கைநாட்டு வாங்குகிறவர்களை அந்த வராந்தாவில் நானே பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் செய்கிறவருக்குத் தெளிந்த மனநிலை வேண்டும் என்று 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அந்த ரேகை பின்னால் கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா" என்று மூன்று முறை சொல்லி, கதவருகே நின்று கண் கலங்குவது நம் ஆறுதலுக்குத்தான். அம்மா கூடவே எழுந்து வருவார். மதியச் சாப்பாடு வரும் நேரமாகப் பார்த்து, தட்டை முன்னால் வைத்து, அட்டெண்டர் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்ததும் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். என் கையில் ஹெல்மெட்டைப் பார்த்தாலே கிளம்பப் போகிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் இப்போது அதை ஆபீஸ் அறையிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.